நில ஆர்ஜிதமும் வாடகைக் கடைக்காரரும்

பிற மாநிலங்களில் வாணிபம் புரியும் நம்மவருள் சிலருக்குக் கடை நிற்கும் நிலமும் சொந்தமன்று, கடையின் பெயரும் சொந்தமன்று. பெரிய நிறுவனமொன்றின் பெயர்ப்பலகையை மாட்டி, அதன் பண்டங்களை விற்று, அதற்குக் கட்டணமும் செலுத்தும் இம்முறையை 'பிரான்சைஸ்' என்பர். பொதுக் காரியத்திற்காக அரசு அந்நிலத்தை எடுத்துக்கொண்டால் இவர் கதி என்ன?

'ஆர்ஜிதம்' என்று நெடுங்காலம் எழுதி வந்ததை நாம் இப்போது 'கையகப்படுத்துதல்' என்கிறோம். சொல்லைப் போலவே சட்டமும் மாறிவிட்டது. 1894-ஆம் ஆண்டின் சட்டம் நீங்கி, 2013-இல் இயற்றப்பெற்ற சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

நிலம் அரசைச் சேர்ந்ததும் குத்தகை முடிந்துவிடுகிறது. குத்தகைதாரரின் உரிமையோ நஷ்டஈட்டில் ஒரு பங்காக மாறுகிறது. நிலச் சொந்தக்காரர் மட்டுமே கலெக்டர் முன் நிற்கலாம் என்பது தவறான எண்ணம். பிழைப்பு பாதிக்கப்படுபவரையும் 'உரிமை கோருபவர்' என இச்சட்டம் ஏற்கிறது. கடையை வேறிடம் மாற்ற நேர்ந்தால் அதற்கான நியாயமான செலவும், வருமானத்திற்கு ஏற்படும் கேடும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

ஆயினும் பங்கின் அளவு பத்திரத்தைப் பொறுத்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். பதிவு செய்யாத ஐந்தாண்டுப் பத்திரம் வைத்திருப்பவர், சட்டத்தின் கண்களில் பெரும்பாலும் மாத வாடகைக்காரரே. பதினைந்து நாள் அறிவிப்பில் வெளியேற்றத்தக்க ஒருவருக்கு நிலத்தில் என்ன பெரிய உரிமை என்று எதிர்த்தரப்பு வாதிடும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உள்ளவர் நிலை வேறு. நஷ்டஈடு முழுவதும் சொந்தக்காரருக்கே என்ற வாசகம் பத்திரத்தின் ஒரு மூலையில் ஒளிந்திருத்தலும் உண்டு. கையொப்பமிடுமுன் அதைத் தேடிப் பார்த்தல் நலம். நிறுவனத்தின் கட்டளைப்படி தம் பணத்தில் கட்டிய சுவர்களுக்கும் கண்ணாடி முகப்பிற்கும் உரிய ரசீதுகளைப் பேணாதவர், அவற்றைத் தாமே கட்டியதாக மெய்ப்பிப்பது கடினம்.

காலக்கெடுவோ குறுகியது. பூர்வாங்க அறிவிப்பு வெளியான 60 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. அதன்படி 21 நாட்களே. அறிவிப்பு வட்டார மொழிப் பத்திரிகையிலும் உள்ளூர் அலுவலகப் பலகைகளிலும் வெளியாகும். மராத்தியோ இந்தியோ பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம்மவர் இடறுவது இங்கேதான்; அண்டைக் கடைக்காரரைப் படித்துச் சொல்லச் சொல்வதில் இழுக்கில்லை. சொந்தக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் பங்கீட்டில் தகராறு எழுமாயின், கலெக்டர் அதனைத் தீர்ப்பதற்குரிய அதிகார மன்றத்திற்கு அனுப்பலாம்.

நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தம் தனியொரு விவகாரம். குத்தகை முடிந்ததாலேயே அது முடிந்துவிடாது. குறிப்பிட்ட அந்த இடத்தில்தான் கடை நடத்த வேண்டும் என்று எழுதியிருப்பின், நிறைவேற்ற இயலாத ஒப்பந்தம் செல்லாது என்னும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவை நாடலாம். நிலத்தை அரசு தற்காலிகமாக எடுத்துக்கொண்ட வழக்குகளில் இவ்வாதம் எளிதில் செல்லாது. போர்க்காலத்தில் கல்கத்தாவில் அவ்வாறு எடுக்கப்பட்ட மனைகளைப் பற்றிய வழக்கில், விற்பனை ஒப்பந்தம் முறியவில்லை என்றே உச்ச நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. வேறிடத்தில் கடை திறக்க நிறுவனம் இசையுமா, இடைப்பட்ட மாதங்களுக்கும் கட்டணம் கேட்குமா என்பவற்றை ஒப்பந்த வாசகமே முடிவு செய்யும்.