சாலைக்கும் ஓர் உரிமை உண்டு!



சுப்ஹுத் தொழுகையை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் வேளையில் சென்னை மாநகரின் சாலைகளைக் கவனித்திருக்கிறீர்களா? பால் வண்டிகளும் செய்தித்தாள் போடும் பிள்ளைகளும் மட்டுமே நடமாடும் அந்த அரையிருட்டில், அசோக் நகர்ப் பகுதியில், தலைக்கவசம் அணிந்த சிலர் சைக்கிளில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதைக் காணலாம். ஒவ்வொரு வண்டியின் பின்னும் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுங்கும். முன்னால் செல்பவர் கையை நீட்டிக் குழியொன்றைச் சுட்டிக்காட்ட, பின்னால் வருவோர் அனைவரும் அதே சைகையைத் திரும்பச் செய்தவாறு விலகிச் செல்வர்.

இவர்களைப் பார்த்து, 'காலையில் பொழுது போகாதவர்கள்' என்று எண்ணிவிட வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டிய அரியதொரு பாடம் அந்த வரிசையில் இருக்கிறது.

நம் இல்லங்களில் சைக்கிளைப் பற்றி இரண்டு விதமான போக்குகள் உள்ளன. 'சாலையெல்லாம் எமனாக இருக்கிறது. சைக்கிளே வேண்டாம்' என்று தடுத்துவிடுவது ஒன்று. 'ஆண்பிள்ளைதானே, எப்படியும் கற்றுக்கொள்வான்' என்று கேள்விமுறையின்றி விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டுமே பிள்ளைக்கு நன்மை செய்வதில்லை. முதலாவது அவனைக் கோழையாக்குகிறது. இரண்டாவது அவனை ஆபத்தில் தள்ளுகிறது. சாலையைப் பற்றிய அச்சத்துக்குத் தடை மருந்தாகாது, பயிற்சியே மருந்து. அந்தப் பயிற்சி, தனித்துச் செல்வதைவிடக் கூடிச் செல்வதில்தான் நன்றாக அமைகிறது.

புதுக்கோட்டை தந்த பாடம்

இதற்குச் சான்று தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1991-ஆம் ஆண்டு, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் அந்த இயக்கத்தின் ஓர் அங்கமாக ஆக்கினார். கல்குவாரியில் உழைத்த பெண்களும், வயலில் வேலை செய்தவர்களும், பள்ளி ஆசிரியைகளும் கற்றுக்கொண்டனர். கட்டுப்பாடு மிக்க முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்த இளம் பெண்களும் அவர்களிடையே இருந்தனர் என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

தொடக்கத்தில் ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆயினும் அப்பெண்கள் தனித்தனியே போகவில்லை. கூட்டமாகப் பழகினார்கள், கூட்டமாகவே சாலைக்கு வந்தார்கள். 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் தினத்தன்று 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் அணிவகுத்தனர். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்களுக்கான வண்டியையே ஓட்டினர். முன்புறக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு! பேருந்துக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் அவர்களுக்கு மிச்சமாயிற்று. தண்ணீர் எடுக்கவும், விளைபொருளை விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் எவரையும் எதிர்பார்க்க வேண்டிய நிலை மாறிற்று.

பின்னாளில் 2001-02 கல்வியாண்டில், ஆதிதிராவிட, பழங்குடி வகுப்பு மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அது படிப்படியாக விரிந்து, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியரைச் சென்றடைந்தது. அவ்வாறு நம் வீட்டுக்கு வந்த சைக்கிள் மாடிப்படியின் கீழ்த் துருப்பிடித்துக் கிடக்கிறதா, அல்லது நம் மகளின் காலைச் சுமை குறைக்கிறதா? சிந்தித்துப் பார்க்க வேண்டியவர்கள் நாமே.

கூடிச் செல்வதன் ஒழுங்கு

இன்று சென்னையில் சைக்கிள் குழுக்கள் பல இருக்கின்றன. தமிழ்நாடு சைக்கிளிங் கிளப், பேட்டைதோறும் கிளைகளைக் கொண்ட 'வீ ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்', நெடுந்தூரப் பயணங்களை நடத்தும் 'மெட்ராஸ் ராண்டனர்ஸ்' ஆகியவை அவற்றுள் சில. மாணவர், அலுவலர், ஓய்வு பெற்றோர் எனப் பல தரத்தாரும் இவற்றில் கலந்து செல்கின்றனர்.

நல்ல குழுவொன்றின் வழக்கத்தைக் கேளுங்கள். புறப்படும் முன் ஒவ்வொருவரும் தம் வண்டியைச் சோதிக்க வேண்டும்: டயரில் காற்று, இரு சக்கரங்களின் பிரேக், சங்கிலி என மூன்றையும் பார்க்க ஒரு நிமிடம் போதும். வழி தெரிந்தவர் முன்னே செல்வார். அனுபவம் மிக்க மற்றொருவர் கடைசியில் வருவார். எவரையும் பின்னால் விட்டுவிடாமல் அழைத்து வருவது அவர் பொறுப்பு. வேகம், வலியவனின் விருப்பப்படி அமையாது. மெலிந்தவரின் ஆற்றலை ஒட்டியே அமையும். ஒருவர் டயர் பஞ்சரானால் அனைவரும் ஓரமாக நிற்பர். தொழுகை அணியில் தோளோடு தோள் நின்று பழகிய நமக்கு, முந்தாமலும் பிந்தாமலும் செல்லும் இந்த ஒழுங்கு புதிதன்று.

நெடுந்தூரப் பயணத்திலும் இதே நெறிதான். பிரான்ஸ் நாட்டில் தோன்றி உலகெங்கும் பரவிய 'பிரவே' என்னும் முறையில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ளும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். அதில் முதலிடம் இல்லை, பரிசும் இல்லை. உரிய நேரத்துக்குள் முடித்த அனைவரும் சமமே. ஆனால் இருட்டிய பின் முன்விளக்கும், பின்விளக்கும், ஒளியைப் பிரதிபலிக்கும் மேலங்கியும் கட்டாயம். வேகத்தைவிட, பிறர் கண்ணில் படுவதே அங்கு முதன்மையாகக் கருதப்படுகிறது.

நூறடிச் சாலையில் கவனம்

அசோக் தூணைக் கடந்து செல்லும் ஜவாஹர்லால் நேரு சாலையை நாம் நூறடிச் சாலை என்றே அழைக்கிறோம். 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய வழி இது. பாலத்தின் தூண்களுக்கு இருபுறமும் பேருந்தும், தண்ணீர் லாரியும், ஆட்டோவும் நெருக்கிச் செல்லும் இச்சாலை, புதிதாகப் பழகுபவருக்கு ஏற்றதன்று. அவென்யூக்களின் உட்தெருக்களில், விடுமுறை நாளின் விடியற்காலையில் பழகிய பிறகே, பெரியவர் ஒருவருடன் இதற்கு வர வேண்டும்.

சில கணக்குகளை நினைவில் கொள்க. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் நகர்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்தோ அதே ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டரைக் கடந்துவிடும். கைப்பேசியைப் பார்க்கும் ஒரு கணத்தின் விலை இதுதான்! காதில் பாட்டுக் கருவியை மாட்டிச் செல்பவன், பின்னால் வரும் எச்சரிக்கையைத் தானே அடைத்துக்கொள்கிறான்.

பேருந்து அல்லது லாரியின் இடப்புறத்தில் நுழைந்து முந்த முயலாதீர்கள். அது இடப்புறம் திரும்பினால் ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பின்னால் காத்திருப்பதே உயிர் காக்கும் வழி. நிறுத்தி வைத்திருக்கும் கார்களை ஒட்டிச் செல்லாமல் ஒரு மீட்டராவது தள்ளிச் செல்லுங்கள். எந்தக் கதவும் எந்நேரமும் திறக்கலாம். திரும்புவதற்கு முன் பின்னால் ஒருமுறை பார்த்து, கையைத் தெளிவாக நீட்டுங்கள். எதிர்த்திசையில் ஒருபோதும் செல்ல வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலும் கவனம் வேண்டும். தேங்கிய நீருக்கு அடியில் குழி இருக்கலாம். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடியும் ஈரத்தில் வழுக்கும். ரப்பர் கட்டை பிரேக்குகள் நனைந்தால் பிடிக்கத் தாமதமாகும். ஆகவே வேகத்தை முன்கூட்டியே குறைக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளின் உடை

'பர்தா அணிந்து சைக்கிள் ஓட்ட முடியுமா?' என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. முடியும், ஆனால் சில ஏற்பாடுகள் தேவை. தொங்கும் துப்பட்டாவும், அகன்ற அங்கியின் ஓரமும் சக்கரத்தில் அல்லது சங்கிலியில் சிக்குவதே பெரிய ஆபத்து. சங்கிலியை முழுதும் மூடும் கவரும், பின் சக்கரத்தின் இருபுறமும் ஆடை நுழையாதபடி காக்கும் வலையும் பொருத்துங்கள். முன்கம்பி தாழ்ந்த பெண்கள் வண்டி ஏறி இறங்க எளிது. அங்கி கணுக்காலுக்கு மேல் இழுபடாதபடி உள்ளே முழுக் காற்சட்டை அணிவது நலம். தலைக்கவசத்தின் அடியில் மெல்லிய துணியை ஒரே மடிப்பாகக் கட்ட வேண்டும். அங்கே ஊசி குத்தக் கூடாது. விழும்போது அந்த ஊசியே காயமாக்கும். கவசத்தின் விளிம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் சமமாக அமைய வேண்டும்.

சாவியைக் கொடுக்கும் முன்

சைக்கிள் ஆபத்து என்று மகளைத் தடுக்கும் அதே தந்தை, பதினைந்து வயது மகனிடம் மோட்டார் சைக்கிளின் சாவியைக் கொடுக்கும் விந்தையையும் நாம் காண்கிறோமே! 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, வயது வராத பிள்ளை வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டின் சாலைகளில் 1,68,491 உயிர்கள் பறிபோயின என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு வீட்டின் அழுகுரல் இருக்கிறது.

சைக்கிளில் பொறுமை பழகியவனே நாளை இயந்திர வாகனத்திலும் பொறுமை காப்பான். பாதசாரிக்கு வழிவிடக் கற்றவன், வேகம் கூடிய பின்னும் அதை மறக்க மாட்டான்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளையே என்பதை மதரஸாவின் சின்னஞ்சிறு பிள்ளையும் அறியும். கல்லையும் முள்ளையும் அகற்றுவதோடு அந்தக் கடமை முடிந்துவிடுவதில்லை. பிறருக்கு நாமே இடையூறாகிவிடாமல் செல்வதும் அதில் அடங்கும்.

எனவே பெற்றோர்களே! உங்கள் மஹல்லாவில் நான்கைந்து குடும்பத்தார் ஒன்றுகூடுங்கள். வாரம் ஒரு நாள், சுப்ஹுக்குப் பின், பெரியவர் இருவர் முன்னும் பின்னும் வர, பிள்ளைகளை அருகிலுள்ள தெருக்களில் அழைத்துச் செல்லுங்கள். பெண்பிள்ளைகளுக்குத் தாய்மார்களும் அத்தைமார்களும் துணை வரட்டும். மூன்று மாதம் இவ்வாறு செய்து பாருங்கள். இன்ஷா அல்லாஹ், சாலையைக் கண்டு அஞ்சாத, அதே வேளையில் அதன் உரிமையை மதிக்கும் ஒரு தலைமுறை உங்கள் வாசலிலிருந்தே புறப்படும்.