திருமலைப் பள்ளத்தாக்கின் லாந்தர் மீன்கள்

அன்புவழிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழம் தெரியாதவர் இல்லை. பெருங்கப்பல்களும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இயற்கைத் துறைமுகம் இது. இதைவிட ஆழமான இடமொன்று வெளியே இருக்கிறது. மகாவலி கங்கை கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கிழக்கே இறங்குகிறது. கரையை விட்டு வெகுதூரம் போகாமலே ஆழம் ஆயிரம் மீற்றரைத் தாண்டிவிடும். கோணேசர் கோயில் மலையில் நின்றே நீலத்திமிங்கிலத்தைப் பார்க்க முடிவதற்கு இந்த ஆழமும் ஒரு காரணம்.

இத்தகைய ஆழக்கடலின் உண்மையான குடிகள் விரல் நீள மீன்கள்தான். லாந்தர் மீன் எனப்படும் இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 250 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை 15 சென்ரிமீற்றருக்கும் குறைவானவை. வயிற்றிலும் பக்கங்களிலும் சிறு சிறு ஒளி உறுப்புகள் வரிசையாக அமைந்திருக்கும். அந்த வரிசை இனத்துக்கு இனம் மாறும். ஆராய்ச்சியாளர்கள் இனம் பிரிப்பதும் அதைக் கொண்டுதான்.

உடலுக்குள் நடக்கும் வேதிமாற்றத்தால் பிறக்கும் இந்த நீல ஒளியில் சூடு இல்லை. அதன் முதற்பயன் ஒளிந்துகொள்வது என்றால் வியப்பாக இருக்கும். ஆழத்தில் பதுங்கியிருக்கும் வேட்டை மீன் மேல்நோக்கிப் பார்த்தே இரை தேடும். மேலிருந்து கசியும் மங்கிய வெளிச்சத்தில் எந்த உடலும் கரிய நிழலாகத் தெரிந்துவிடும். லாந்தர் மீனோ மேலிருந்து வரும் வெளிச்சத்தின் அளவுக்கே தன் வயிற்றொளியைக் கூட்டியும் குறைத்தும் அந்த நிழலை அழித்துவிடுகிறது. சில இனங்களுக்கு மூக்கருகே பெரிய ஒளி உறுப்புகளும் உண்டு. மோட்டார் வண்டியின் முன்விளக்குப் போல அவை முன்னால் ஒளி பாய்ச்சும்.

பகலில் பல நூறு மீற்றர் ஆழத்தில் கிடக்கும் இவை, பொழுது சாய்ந்ததும் மிதவை உயிரிகளை உண்ண மேலே வருகின்றன, விடியுமுன் திரும்பிவிடுகின்றன. நிலவு பளிச்சென்று எறிக்கும் இரவுகளில் அவ்வளவு மேலே வருவதில்லை.

இந்த அன்றாடப் பயணம் வெளிப்பட்டது போர்க்காலத்தில். 1942இல் கலிபோர்னியாக் கடலில் சோனார் கருவியைச் சோதித்த அமெரிக்கர்களுக்கு, கடலடிக்கு வெகு மேலே இன்னொரு தரை இருப்பதுபோல எதிரொலி கேட்டது. அந்தத் ‘தரை’ இரவில் மேலெழுந்தது, பகலில் இறங்கியது. அவை உயிரினக் கூட்டங்கள் என்பது பின்னரே தெளிவாயிற்று. லாந்தர் மீன்கள் பலவற்றின் காற்றுப்பைகளே அந்த ஒலியைத் திருப்பி அனுப்பியிருந்தன.

இம்மீன்களின் ஆய்வில் நமது கடலுக்கும் பழைய பங்கு உண்டு. ‘இன்வெஸ்டிகேற்றர்’ என்ற ஆய்வுக்கப்பலில் பணியாற்றிய மருத்துவர் அல்பிரட் அல்கொக், வங்காள விரிகுடாவின் ஆழமீன்களைச் சேகரித்து விவரித்தார். அவர் 1890இல் பெயரிட்ட ‘பெந்தோசெமா டெரோட்டம்’ ஏழு சென்ரிமீற்றரைத் தாண்டாது; ஆயுளும் ஏறத்தாழ ஓராண்டுதான். பிற்காலத்தில் அரபிக்கடலில் நடந்த ஆய்வுகள், அங்குள்ள லாந்தர் மீன்களில் இதுவே மிகுதி எனக் காட்டின. அந்தக் கடலின் லாந்தர் மீன் இருப்பு சுமார் 10 கோடி தொன் என்று அப்போது மதிப்பிடப்பட்டது.

இவ்வளவு மீன் இருந்தால் வலை தேடிப் போகாதா? போயிருக்கிறது. தென்னாபிரிக்கா ஓர் இனத்தைப் பிடித்து மீன்தூளாக்கியது. அதிலிருந்த மிதமிஞ்சிய எண்ணெய் ஆலைகளுக்குத் தொல்லையானதால் 1980களில் அந்தத் தொழில் ஓய்ந்தது. கேரளத்தில் ஆழ்கடல் இறால் பிடிக்கும் இழுவைப் படகுகளின் வலையில் இவையும் சேர்ந்து ஏறுகின்றன. வளர்ப்பு மீனுக்குத் தீவனம் தேவைப்படும்வரை இவற்றைப் பிடிக்கும் ஆசை அடங்காது.

ஆனால் கணக்கை மறுபக்கமும் பார்க்க வேண்டும். திருகோணமலையின் கொட்பே துறைமுகத்தில் இறங்கும் சூரை மீனுக்கும், கணவாய்க்கும் லாந்தர் மீன் இரை. அந்தக் கணவாயை நம்பித்தான் திருமலைக்கு வெளியே விந்துத் திமிங்கிலங்கள் வாழ்கின்றன. மேலே தின்றதிலுள்ள காபனின் ஒரு பகுதியை ஆழத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால், காற்று மண்டலத்துக்கும் இம்மீன் உதவுகிறது. இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது தீவனம். இழப்பது சூரையும் கணவாயும் நம்பியுள்ள கடற்றொழிலாளர் குடும்பங்களின் பிழைப்பு.

அமெரிக்கா தன் மேற்குக் கரையில் லாந்தர் மீன் உள்ளிட்ட இரைமீன்களுக்குப் புதிய வணிகப் பிடிப்பு தொடங்குவதை 2016இல் தடுத்தது. அறிவியல் ஆய்வு முதலில், வலை பிறகு என்பதே அந்த விதியின் சாரம். நோர்வேயின் ‘டொக்டர் பிரிட்ஜொவ் நான்சன்’ ஆய்வுக்கப்பல் 1978 முதல் 1980 வரையும், அதே பெயர்கொண்ட புதிய கப்பல் 2018இலும் இலங்கைக் கடலை ஆராய்ந்தன. அந்த வேலையைத் தொடர இலங்கையின் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் இருக்கிறது. நம் வாசலில் உள்ள பள்ளத்தாக்கின் லாந்தர் மீன்களை இவை ஆண்டுதோறும் அளந்து பதிய வேண்டும். அந்தக் கணக்கு கையில் வரும்வரை, இம்மீனைக் குறிவைக்கும் எந்த வலைக்கும் அனுமதி தரக்கூடாது.