சேமிப்பக வலையமைப்புச் சுவிட்சுகளின் பழுதறிதலும் கலைச்சொல் தெளிவும்

2021 பிப்ரவரி 24 அன்று இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையில் வணிகம் முற்பகல் 11.40 மணிக்கு நின்றது, பிற்பகல் 3.45 மணிக்கே மீண்டும் தொடங்கியது. தொலைத்தொடர்பு இணைப்புகள் பழுதுற்றமையும், அதனையடுத்து முதன்மைத் தளத்துச் சேமிப்பக வலையமைப்பு கணினிகளுக்கு எட்டாமற் போனமையும் காரணங்களாகப் பின்னர் விளக்கப்பட்டன. இணைப்பு அறுதல் வேறு. சேமிப்பகம் எட்டாமை வேறு. இரண்டையும் 'துண்டிப்பு' எனப் பெயர்த்துவிட்டால், பழுது எங்கே என்பது மறைந்துவிடும். சேமிப்பக வலையமைப்புச் சுவிட்சுகளின் பழுதறி கையேடுகளைப் பெயர்ப்போர் இச்சிக்கலை அடிக்கடி எதிர்கொள்வர்.

'சுவிட்ச்' எனின் விளக்கை ஏற்றி அணைக்கும் கருவியே தமிழர் நினைவுக்கு வரும். 'சொடுக்கி' என்பதும் இலங்கை வழக்கான 'ஆளி' என்பதும் அப்பொருளினவே. இங்குக் கருதப்படும் கருவியோ கணினிகளையும் வட்டுத் தொகுதிகளையும் ஒளியிழைகளால் இணைத்து, தரவுச் சட்டகங்களை உரிய வாயிலுக்கு அனுப்புவது. ஆகவே கடன்சொல்லையே ஆளுதல் நன்று. இத்தகைய சுவிட்சுகள் இணைந்த அமைப்பை ஆங்கிலம் துணிக்குரிய சொல்லால் சுட்டுகிறது. தமிழில் 'பின்னல்' எனலாம்.

இழைமுனையில் தூசு படிந்தாலோ, ஒளிச்செருகி பழுதானாலோ வாயிலின் விளக்கு எரியாது. இதுவே உண்மையான துண்டிப்பு.

பின்னல் பிளவுபடுதல் இதனின் வேறானது. தில்லி மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடத்தில், மயூர் விஹார் பாக்கெட் 1 நிலையத்திற்கும் திரிலோக்புரி சஞ்சய் ஏரி நிலையத்திற்கும் இடையிலான பகுதி 2021 ஆகஸ்டு 6 அன்றுதான் திறக்கப்பட்டது. 2018 இறுதி முதல் அதுவரை இருபுறமும் வண்டிகள் ஓடின. ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்லத்தான் இயலவில்லை. பிளவுற்ற பின்னலும் அவ்வாறே இரு பகுதிகளாக இயங்கும். ஆயின் மயூர் விஹாரில் இடையே தடமே இல்லை. பின்னலிலோ இழை நலமாகவே இருக்கும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் 1 முதல் 239 வரை ஒரு கள எண் உண்டு. இரண்டு சுவிட்சுகளுக்கு ஒரே எண் நிலையாக இடப்பட்டிருப்பினும், அவற்றின் மண்டல வரையறைகள் முரண்படினும், அவை ஒன்றுசேர மறுக்கும். 'துண்டிப்பு' எனப் படித்தவர் நல்ல இழையைக் கழற்றி மாற்றுவார். 'பிளவு' எனப் படித்தவர் எண்களை ஒப்பிடுவார். மண்டல முரண்பாட்டைத் தீர்க்கப் பிழையான சுவிட்சின் வரையறையை அழித்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் தம் வட்டுகளை இழக்க நேரும். சொற்றேர்வு இங்கு நடை பற்றிய நுட்பம் மட்டுமன்று.

மண்டலத்திற்கு வெளியே நிற்றலை 'விலக்கு' எனல் தகும். கணினியின் இணைப்பட்டைக்கு 64 இருமக் கூறுகள் கொண்ட தனிப்பெயர் உண்டு. அட்டையை மாற்றினால் பெயரும் பொதுவாக மாறும். மண்டலப் பட்டியலிலோ பழைய பெயரே இருக்கும். விளக்கு எரியும், சுவிட்ச் அட்டையை அறியும், வட்டு மட்டும் தென்படாது.

மிகவும் இடர்ப்படுத்துவது, ஆங்கிலத்தில் வங்கிக் கடனுக்குரிய சொல்லால் சுட்டப்படும் கருத்தாகும். 'கடன்' எனப் பெயர்த்தால் திருப்பித் தரவேண்டியது என்னும் பொருள் புகுந்துவிடும். உண்மையில் அது, இத்தனை சட்டகங்களை ஏற்க என்னிடம் இடமுண்டு எனப் பெறுவோன் அனுப்புவோனுக்கு முன்கூட்டியே தரும் இசைவு. 'முன்னிசைவு' என்பது என் பரிந்துரை. சட்டகம் ஒன்றை அனுப்புந்தோறும் முன்னிசைவு ஒன்று குறையும். பெறுவோன் இடத்தைக் காலிசெய்து குறிப்பு அனுப்பியதும் ஒன்று கூடும். சுழியத்தை எட்டினால் அனுப்புவோன் காத்திருப்பான். பெறும் கருவி ஒன்று மந்தமாயின் தேக்கம் பின்னோக்கிப் பரவி, தொடர்பற்ற கணினிகளையும் தாமதப்படுத்தும். இழை நெடிதாயின் கூடுதல் முன்னிசைவு வேண்டும். குறிப்பு திரும்பி வருவதற்குள் இருப்பு தீர்ந்துவிடும். வேறெப்பிழையும் பதிவாகாத நிலையில் முன்னிசைவின்றிக் காத்திருந்த எண்ணிக்கை மட்டும் ஏறுமாயின், முறையிடும் கணினியை விடுத்து, சட்டகங்களை மெதுவாக ஏற்கும் கருவியையே முதலில் தேடவேண்டும்.