ஒரே வேகத்தில் ஊட்டும் கை

ஹைதராபாத் மாதாப்பூரில் அடுக்குமாடி வீடொன்றின் ஏழாவது தளத்தில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பூந்தொட்டி ஸ்டாண்டும் ஷூ ரேக்கும் நானே செய்துகொள்ள ஆசை. 'கேஸ் சிலிண்டர் வேண்டாம், 250 ஆம்பியர், வீட்டு பிளக்கிலேயே ஓடும்' என்று ஒரு மிக் வெல்டிங் மெஷினுக்கு விளம்பரம் வருகிறது. வாங்கலாமா? பால்கனியில் வைத்து வேலை செய்யலாமா?"

முதலில் அந்த 250. மிக் எனப்படும் கம்பி ஊட்டும் வெல்டிங்கில் 250 ஆம்பியர் ஓட ஏறக்குறைய 26.5 வோல்ட் வேண்டும். பெருக்கினால் 6,600 வாட்டைத் தாண்டுகிறது. ஏசிக்கும் கீசருக்கும் வைக்கிற 16 ஆம்பியர் பிளக், 230 வோல்ட்டில் தரக்கூடியது 3,680 வாட். உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகமாக இருக்க வழியில்லை. மெஷினுக்குள் போகும் இழப்பையும் கழித்தால் கைக்குக் கிடைப்பது அந்த 250இல் பாதியை ஒட்டித்தான். ஆனால் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள எம்.எஸ். சதுர பைப்புக்கு அது தாராளம். ஸ்டாண்டு செய்ய மெஷின் போதும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணைத்தான் நம்பக் கூடாது. 'டியூட்டி சைக்கிள்' என்ற இன்னோர் எண் சிறிய எழுத்தில் இருக்கும். 20 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 2 நிமிடம் வேலை, மீதி ஓய்வு. அந்தச் சோதனை 40 டிகிரி வெப்பத்தில் நடந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். ஹைதராபாத்தின் மே மாதம் அதையும் தாண்டும்.

விளம்பரங்கள் 'ஸ்மார்ட்' என்று எதை எதையோ சொல்கின்றன. இந்த மெஷினின் உண்மையான அழகைச் சொல்வதில்லை.

கையில் ராடு பிடித்துச் செய்யும் பழைய வெல்டிங்கில் கடினமான பாடம், ராடு உருக உருகக் கையை இறக்கிக்கொண்டே போய், 'வில்' எனப்படும் மின்பொறியின் இடைவெளியை மாறாமல் காப்பது. அது கைவர மாதங்கள் ஆகும். கம்பி மெஷினில் 0.8 மில்லிமீட்டர் கம்பி, 100 ஆம்பியரில், நிமிடத்துக்கு 5 மீட்டர் அளவில் ஓடிவருகிறது. வினாடிக்கு எட்டு சென்டிமீட்டர்! வில்லின் இடைவெளியோ சில மில்லிமீட்டர்தான். ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கு நேரம் உருகுவது நின்றாலும் கம்பி பைப்பில் முட்டிவிடும். முட்டாமல் காப்பது யார்? சென்சார் இல்லை, ஒரு வரி நிரல் இல்லை.

மெஷின் இரண்டை மட்டும் மாறாமல் வைத்திருக்கிறது: வோல்ட்டேஜ், கம்பியின் வேகம். கை நடுங்கி இடைவெளி நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீண்ட வில்லுக்குக் கூடுதல் வோல்ட்டேஜ் தேவை, மெஷின் தருவதில்லை. உடனே கரண்ட் சரிகிறது, உருகும் வேகம் குறைகிறது. கம்பியோ பழைய வேகத்தில் வந்துகொண்டே இருக்கிறது. இடைவெளி தானாக மூடுகிறது. இடைவெளி குறுகிப்போனால் கரண்ட் எகிறுகிறது, கம்பி வேகமாக உருகுகிறது, இடைவெளி திறக்கிறது. ஓம் விதியின் உறவுக்காரன் ஒருவன் உள்ளே உட்கார்ந்து ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கிறான்.

பருப்புசாதம் ஊட்டும் தாயை நினைத்துக்கொள்ளலாம். அவள் கை ஒரே வேகத்தில் வருகிறது. கூடுவதும் குறைவதும் குழந்தையின் பசிதான். சோறு கிட்டே வந்தால் பசி கூடி அவசரமாக விழுங்குகிறது, தள்ளிப்போனால் மெதுவாக மெல்லுகிறது. அதனால் வாய்க்கும் கைக்கும் இடையே உள்ள தூரம் மாறுவதே இல்லை. தாய் மிக வேகமாக ஊட்டினால் குழந்தை புரையேறித் துப்பும். கம்பி வேகம் கூடினால், கம்பி வெளிவரும் கைப்பிடியான டார்ச் கையைப் பின்னுக்குத் தள்ளி, பொறி சிதறும். மிக மெதுவாக ஊட்டினால் பசித்த குழந்தை விரலையே கடித்துவிடும். இங்கும் அப்படித்தான், வில் கம்பியைத் தின்றுகொண்டே மேலேறி டார்ச்சின் செம்பு டிப்போடு அதை ஒட்டவைத்துவிடும்.

இதிலிருந்து ஒரு வியப்பான விளைவு கிடைக்கிறது. உருகுவதும் வருவதும் சமமானால்தான் வில் நிலைக்கும் என்பதால், கம்பி வேகத்தின் குமிழைத் திருப்புகிறவர் உண்மையில் கரண்டைத்தான் திருப்புகிறார். எனவே வாங்கும்போது கம்பியை வழுக்காமல் தள்ளும் உருளைகளைத் திறந்து பார்ப்பது, திரையில் மின்னும் எண்களைப் பார்ப்பதைவிட முக்கியம்.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: வாயுக் காப்போடு கம்பி ஊட்டும் முறையை 1948இல் அமெரிக்காவின் பேட்டல் நினைவு நிறுவனம் உருவாக்கியது, அலுமினியம் போன்ற உலோகங்களுக்காக. விலை குறைந்த கார்பன் டை ஆக்சைடு 1953இல் வந்த பிறகே இரும்புப் பட்டறைகளுக்குக் கட்டுப்படியானது. நம் நாட்டில் 1975இல் திருச்சி பெல் ஆலையில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது.

'கேஸ் வேண்டாம்' என்பது உண்மையே. அதற்கான கம்பி, உள்ளே பொடி அடைத்த குழல். அதிலுள்ள பொடி எரிந்து தானே காப்பு வாயுவை உண்டாக்கும். காற்று வீசும் இடத்தில் சிலிண்டர் வாயு பறந்துவிடும் என்பதால் திறந்த வெளிக்கு இதுவே ஏற்றது. ஆனால் கம்பியை மாற்றும்போது மின்முனையையும் மாற்ற வேண்டும். கேஸ் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவ். கேஸ் இல்லாத கம்பிக்குப் பெரும்பாலும் டார்ச் நெகட்டிவ். புதிதாக வாங்கியவர்கள் இதை மறந்துவிட்டு, பொறி சிதறுகிறதே என்று மெஷினைத் திட்டுகிறார்கள். எர்த் கிளிப்பைத் துருவும் பெயின்ட்டும் சுரண்டிய இடத்தில் மாட்டவேண்டும்.

இனி உடம்பு. வில்லின் புற ஊதாக் கதிர் கருவிழியை வெயில் தோலைச் சுடுவதுபோல் சுடும். அப்போது தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எழுப்பும். தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டைப் பற்றி ஒரு பயம் பரவியிருக்கிறது: அது கறுப்பதற்குள் கண் போய்விடுமாம். தரமான ஹெல்மெட்டில் புற ஊதா, அகச்சிவப்பு இரண்டையும் தடுக்கும் வடிகட்டி எப்போதும் வேலை செய்கிறது, பேட்டரி தீர்ந்தாலும்கூட. கறுப்பது கண் கூசாமல் இருக்க மட்டுமே. 'ஈஎன் 379' போன்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து, 10 அல்லது 11 எண் நிழலில் வைத்தால் போதும். ஆனால் எதிர் பால்கனியில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கு ஹெல்மெட் இல்லை.

புகை இன்னும் பெரிய சங்கதி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. கேஸ் இல்லாத கம்பி கூடுதலாகவே புகையும். என்95 முகக்கவசமாவது வேண்டும். கைக்குட்டை கட்டுவது பயன் தராது. ஜி.ஐ. பைப்பைத் தொடவே வேண்டாம். இரும்பு உருக 1,538 டிகிரி, அதன் மேல்பூச்சான துத்தநாகம் கொதிக்க 907 டிகிரி. இரும்பு இளகுவதற்கு முன்பே துத்தநாகம் ஆவியாகி மூக்கில் ஏறும். அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய ஷூ. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

ஆகவே மெஷினை வாங்கலாம், பால்கனி வேண்டாம். பொறி தரையிலேயே பத்து மீட்டர் ஓடும்; ஏழாவது மாடியிலிருந்து அது கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணிமேல் விழும். தரைத்தளத்தில் எரியக்கூடிய எதுவும் இல்லாத திறந்த இடம், சுற்றி மறைப்புத் திரை, பக்கத்தில் தீயணைப்பான், முடித்தபின் அரை மணி நேரமாவது காவல். இவற்றுக்கு வசதி இல்லையென்றால், மாதாப்பூரை ஒட்டிய ராயதுர்கத்தில் 2023 மார்ச்சில் தெலங்கானா அரசு திறந்த டி-வொர்க்ஸ் என்ற, முன்மாதிரிகள் செய்து பார்க்கும் கூடத்தில் விசாரிக்கலாம். 78,000 சதுர அடி இடம் அது. முதல் நாள் ஸ்டாண்டைத் தொடாமல் துண்டு பைப்புகளில் பழக வேண்டும். வோல்ட்டேஜை ஓரிடத்தில் நிறுத்தி, கம்பி வேகத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே காதைக் கொடுத்தால், திக்கித் திக்கி வெடித்த சத்தம் ஓரிடத்தில் எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் சீராகும். அந்த இடத்தில் குமிழை விட்டுவிடலாம்.