நாமடங்கும் உயிரும் எழுத்துருவின் அதிகாரமும்

மொழி கற்பிக்கும் மென்பொருளில் எழுத்துரு அமைப்பது வெறும் தொழில்நுட்ப வேலை என்றே பேசப்பட்டு வருகிறது. நீலகிரியின் படகு மொழியை வைத்து யோசித்தால் அப்படி விட்டுவிட முடியவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி படகு பேசுவோர் 1,30,000க்கும் மேல். ஆனால் கணக்கெடுப்பு அதைக் கன்னடத்தின் கீழ் அடக்கியே எண்ணுகிறது. 19ஆம் நூற்றாண்டில் பாசல் மிஷன்காரர்கள் கன்னட எழுத்தில் அச்சிட்டார்கள். இன்று பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தமிழ் எழுத்து, செல்பேசியில் தட்டுவது பெரும்பாலும் ரோமன். தனி எழுத்து உருவாக்கியவர்களும் உண்டு. ஆக, எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யாருடைய மொழியாக நிறுவுகிறோம் என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது.

கோத்தகிரியில் ஒரு நண்பர், பெங்களூரில் வளரும் தன் அக்கா மகளுக்காகக் கணினியில் சொல்லட்டைகள் செய்துகொண்டிருந்தார். "நாங்க பேசறத மெஷின் ஒத்துக்க மாட்டேங்குதுங்க" என்றார். முதல் சிக்கல் சாதாரணமானது. 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியோடும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். யூனிகோடின்படி இரண்டும் சமம்தான். மென்பொருள் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் குழந்தையின் சரியான விடைக்குத் 'தவறு' என்று வரும். (1990களில் இதைவிட மோசம். எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். டாப், டாம் என்று தரப்படுத்தவே 1999 தமிழ்நெட் மாநாடு வர வேண்டியிருந்தது.)

அடுத்தது ககரம். தமிழுக்கு ஒரு 'க' போதும். படகுக்கு வல்லொலி வேறு, மெல்லொலி வேறு. க³ என்று மேலெண் போட்டால் சில நிரல்கள் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு சொல்லையே இரண்டாக வெட்டிவிடுகின்றன. கீழ்ப்புள்ளி இன்னொரு வழி. 2018இல் யூனிகோட் 11 கிரந்தத் தொகுதியில் ஒரு கீழ்ப்புள்ளியைச் சேர்த்தது, தமிழோடும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் குறியெண் இருப்பது மட்டும் போதாது. எழுத்துருவில் அதன் வடிவமும், அதை எழுத்தின் அடியில் பொருத்தும் விதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெற்றுக் கட்டம்தான், அல்லது புள்ளிவட்டம். விளிம்பு மொழிக்கு மையம் தரும் இடம் என்று அந்தக் கட்டத்தைச் சொன்னால் மிகையில்லை.

உயிர்கள்தான் உண்மையில் பிடிகொடுக்காதவை. 1939இல் எமனோ எழுதிய கட்டுரை ஐந்து உயிருக்கும் சாதாரணம், பாதி நாமடக்கு, முழு நாமடக்கு என மூன்று நிலைகளைக் காட்டியது. தமிழ் தனி மெய்யாக வைத்திருக்கும் ளகரம் போன்றவை அங்கே உயிருக்குள் கரைந்துபோயின என்பது விளக்கம். இன்று பலரது பேச்சில் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. அப்படியானால் எழுத்தில் எதைக் காட்டுவது? பாட்டி சொல்வதையா, பேத்தி சொல்வதையா?

நண்பர் அங்கே குறி எதுவும் போடவில்லை. பாட்டியின் குரலைப் பதிந்து அட்டையில் சேர்த்திருக்கிறார். அட்டைத் தொகுப்பை அனுப்பும்போது ஒலிக்கோப்புகளையும் சேர்க்கும்படி மென்பொருளில் தேர்வு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து மட்டுமே போய்ச் சேரும்.