எதைக் கேட்பது? எதை விடுவது?

தருமபுரி மாவட்டம் அரூர்ப் பகுதியில் உள்ள சித்தேரி மலையில் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் இருக்கின்றன. 'மலையாளி' எனப்படும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விளைவித்து வாழும் பகுதி அது. அங்கே அலைவரிசை கிடைக்கும் மேட்டில் நின்று அலைபேசியைத் திறக்கும் ஓர் இளைஞருக்கு இன்று காலை வெளியான பாடல் கிடைக்கும். அமெரிக்க அதிபரின் நேற்றைய பேச்சு குறித்த காரசாரமான விவாதமும் கிடைக்கும். ஆனால், அடுத்த மலைக்கிராமத்துக்கு எப்போது சாலை போடப்படும், ரேஷன் கடைக்கு எந்த நாளில் அரிசி வரும் என்பவை அந்த அலைபேசியில் எளிதில் கிடைப்பதில்லை.

புதிய இசையையும் அமெரிக்க அரசியல் விமர்சனங்களையும் பின்தொடர முடியவில்லையே என்கிற கவலை படித்தவர்களிடையே இன்று பரவலாகக் காணப்படுகிறது. எதையோ தவறவிடுகிறோம், காலத்தால் பின்தங்கிவிடுகிறோம் என்று அஞ்சுகிறார்கள். இசையும் அரசியல் விமர்சனமும் ஒன்றோடொன்று தொடர்பற்றவைபோலத் தோன்றலாம். பொருளியல் நோக்கில் இரண்டும் ஒரே வகைச் சரக்குகள். ஒருமுறை தயாரித்துவிட்டால், கோடிப் பேருக்கு வழங்குவதற்கு ஆகும் கூடுதல் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. எனவே வரத்து பெருகிக்கொண்டே போகிறது. கேட்பவரின் நேரம் மட்டும் பெருகுவதில்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இணைய இசைத் தளங்களில் நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் ஒலிப்பதிவுகள் பதிவேற்றப்படுவதாக இசைத் துறையினர் கணக்கிடுகின்றனர். ஒரு பாடலுக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 3 லட்சம் நிமிடங்கள், அதாவது 5,000 மணி நேரம். உண்ணாமல் உறங்காமல் கேட்டாலும் ஒரே நாளின் வரத்தைக் கேட்டு முடிக்க 200 நாள்களுக்கு மேலாகும். தகவல் பெருகப் பெருகக் கவனம் அரிதாகும் என்று பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1971-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். ஆகவே, எல்லாவற்றையும் பின்தொடர்வது எவராலும் இயலாத காரியம். நமக்காக யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் யார், எந்த நோக்கத்தோடு தேர்ந்தெடுக்கிறார் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தரமானது தானாகவே மேலே வந்துவிடும் என்று நம்புவோர் உண்டு. 2006-ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியான ஒரு சோதனை இந்த நம்பிக்கையை அசைத்தது. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டன்கன் வாட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள், அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை 14,000-க்கும் மேற்பட்டோருக்கு வழங்கினர். ஒரு பிரிவினர் பிறரின் தேர்வை அறியாமல் கேட்டனர். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தம் உலகத்தில் எந்தப் பாடல் எத்தனை முறை தரவிறக்கம் செய்யப்பட்டது என்பதைப் பார்த்தபடி கேட்டனர். விளைவு என்ன? ஓர் உலகத்தில் உச்சத்தில் இருந்த பாடல் மற்றோர் உலகத்தில் நடுவிலோ கீழேயோ கிடந்தது. மிகச் சிறந்தவை அடியோடு தோற்கவில்லை. மிக மோசமானவை பெரிதாக வெல்லவும் இல்லை. இடைப்பட்ட பெரும்பான்மையின் தலைவிதியை, முதலில் கேட்டவர்கள் யார் என்கிற தற்செயலே தீர்மானித்தது. ஆக, 'எல்லோரும் கேட்கும் பாட்டு' என்பது அதன் தகுதிக்கு முழுச் சான்றாகாது. அதைத் தவறவிட்டதற்காக யாரும் வெட்கப்படவும் வேண்டியதில்லை.

அரசியல் விமர்சனத்துக்கு வருவோம். செய்தி சேகரிப்பது செலவு மிக்க வேலை. ஒரு செய்தியாளர் அரூரிலிருந்து மலையேறி, நாலு ஊர் மக்களைச் சந்தித்து, அதிகாரிகளிடம் விளக்கம் கேட்டு எழுதுவதற்கு நாள்கள் ஆகலாம். அரங்கத்தில் அமர்ந்து கருத்துச் சொல்லச் சில நிமிடங்கள் போதும். இவ்வளவு விலை வேறுபாடு உள்ள இரு சரக்குகளில் எது சந்தையை நிரப்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்த மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. பொதுப் பிரச்னைகளில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்று வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கு அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 1949-இல் ஒரு நெறியை வகுத்தது. 1987-இல் அது கைவிடப்பட்டது. மறு ஆண்டே ரஷ் லிம்பாவின் வலதுசாரி விமர்சன நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது. 1996-இல் ஃபாக்ஸ் நியூஸ், எம்எஸ்என்பிசி ஆகிய தொலைக்காட்சிகள் பிறந்தன.

அதே 1996-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம் இசையையும் விமர்சனத்தையும் ஒரே கயிற்றில் கட்டியது. அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 40 வானொலி நிலையங்கள் வரைதான் வைத்திருக்க முடியும். அந்த வரம்பு நீக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே கிளியர் சேனல் என்கிற ஒரே நிறுவனம் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு உரிமையாளரானது. எங்கோ ஒரு தலைமையகத்தில் தயாரான பாடல் பட்டியல் ஊர்தோறும் ஒலித்தது. லிம்பாவின் நிகழ்ச்சியை நாடெங்கும் விநியோகித்ததும் அதன் துணை நிறுவனமே. உள்ளூர்ப் பாடகருக்கும் உள்ளூர்ச் செய்திக்கும் இருந்த இடம் ஒருசேரக் குறைந்தது.

முதலாளிகளை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அமெரிக்க நாளிதழ்களின் சாய்வு பற்றி மேத்யூ ஜென்ட்ஸ்கோ, ஜெஸ்ஸி ஷாபிரோ ஆகிய பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. உரிமையாளர் யார் என்பதைவிட, வாசகர்கள் எதை விரும்புகிறார்கள் என்பதே பத்திரிகையின் சாய்வைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அதன் முடிவு. நாம் ஏற்கெனவே நம்புவதை நமக்கே திருப்பி விற்கும் வணிகம் இது. அதைப் பார்த்துவிட்டு 'உலக நடப்பு தெரியும்' என்று எண்ணுவது, கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஊரைச் சுற்றி வந்ததாகச் சொல்வதற்கு ஒப்பானது.

நம் நாட்டின் கதை வேறு விதமானது. இங்கே தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலில் அரசே எடுத்துக்கொண்டது. 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசை ரசனையைக் கெடுப்பதாகக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவை ஏறத்தாழ மறைந்தன. நேயர்கள் சாஸ்திரிய இசைக்கு மாறிவிடவில்லை. இலங்கை வானொலிக்கு மாறினார்கள். இறுதியில் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கி அரசே இறங்கிவந்தது. மேலிருந்து திணிக்கப்படும் ரசனை நிலைக்காது என்பது அன்று கிடைத்த பாடம்.

வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. பின்னர் தனியார் பண்பலை வானொலிகள் வந்தன. கல்வி நிறுவனங்களுக்கும், 2006 முதல் தன்னார்வ அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி நடத்த உரிமம் கிடைத்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 2004-இலேயே ஒலிக்கத் தொடங்கியது. ஆனால், இந்நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி தரப்படவில்லை. ஆகாசவாணியின் செய்தியை மறு ஒலிபரப்புச் செய்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாஷிங்டன் பற்றி யார் வேண்டுமானாலும் இணையத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்; சித்தேரியின் செய்தியைச் சித்தேரி மக்களுக்கு வானொலியில் சொல்லத்தான் தடை.

இப்போது தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கணினி நிரல்களிடம் சென்றிருக்கிறது. நாம் எதில் அதிக நேரம் நிற்கிறோமோ அதையே மேலும் மேலும் தருவது அவற்றின் இயல்பு. பாடல்களுக்கான பணம் பங்கிடப்படும் முறையும் பெரியவர்களுக்கே சாதகமானது. ஒரு பாடல் ஓராண்டில் 1,000 முறைகூடக் கேட்கப்படவில்லை என்றால் அதற்குப் பங்குத்தொகை இல்லை என்று ஸ்பாட்டிஃபை 2024 முதல் விதித்துள்ளது. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஒரு மலைப்பகுதியின் விழாப் பாடலைப் பதிவேற்றினால், 999 முறை கேட்கப்பட்டாலும் அதன் மதிப்பு சுழியம்.

அப்படியானால் அமெரிக்க அரசியலைப் பொருட்படுத்த வேண்டாமா? வேண்டும். இந்தியப் பொருள்கள் மீதான 50 விழுக்காடு வரி 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தபோது, அதன் அதிர்ச்சி திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைத் தாக்கியது. திருப்பூருக்குப் பிழைப்புத் தேடிச் செல்வோரில் தருமபுரி மாவட்டத்தினரும் உண்டு. வாஷிங்டனில் போடப்படும் ஒரு கையொப்பம் மலையடிவாரத்து வீட்டின் அடுப்பைத் தொடக்கூடும். ஆனால், அதை அறிந்துகொள்ளத் தேவைப்பட்டவை வரி விகிதம், நடைமுறைக்கு வரும் தேதி, எந்தெந்தப் பொருள்களுக்குப் பொருந்தும் என்கிற விவரங்கள். பத்து நிமிட வாசிப்பில் அடங்குபவை இவை. அதிபரின் குணம், அவரது எதிரிகளின் கோபம், ஒருவர் மற்றவரை மடக்கிய காட்சி ஆகியவற்றுக்குச் செலவிடும் பல மணி நேரம் ஒரு தொழிலாளியின் வேலையையும் காப்பாற்றப் போவதில்லை.

கவனம் எங்கே இல்லாமல் போகிறதோ அங்கே என்ன நடக்கும் என்பதற்குச் சித்தேரி மலையின் அடிவாரமே சாட்சி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடும் பெயரில் வாச்சாத்தி கிராமத்துக்குள் வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் நுழைந்தனர். மக்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கத்தினரும் விடாமல் போராடியதால் 1995-இல் சிபிஐ விசாரணைக்குச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தனர்; எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். அத்தீர்ப்பை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. இடையில் கடந்தவை 31 ஆண்டுகள். அவ்வளவு காலமும் அந்த வழக்கை உயிரோடு வைத்திருந்தது, சலிக்காமல் நீதிமன்றம் ஏறிய பெண்களின் உறுதியும், நேரில் சென்று உண்மையைத் திரட்டிய சிலரின் உழைப்பும்தான்.

எனவே, பின்தொடர்வதிலும் ஒரு வரவு-செலவுத் திட்டம் தேவை. அயல்நாட்டு அரசியலில் முடிவுகளையும் சட்டங்களையும் தீர்ப்புகளையும் அறிந்துகொள்வோம். அன்றாடச் சொற்போரை விட்டுவிடலாம். வாரம் ஒருமுறை நிதானமாக எழுதப்பட்டதைப் படித்தால் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டோம். இசையில், நிரல் தரும் பட்டியலோடு, ரசனையுள்ள ஒரு நண்பர், ஒரு மாணவர், ஓர் இளைய உறவினர் சொல்லும் பாடலையும் முழுதாகக் கேட்போம். ஒன்றை முழுமையாகக் கேட்பது நூற்றை நுனிப்புல் மேய்வதைவிட மேலானது.

அரசின் பங்கும் இருக்கிறது. தனியார் பண்பலை வானொலிகள் மணிக்கு 10 நிமிடங்கள் வரை செய்தி ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-இல் பரிந்துரைத்தது. அந்த உரிமை, தக்க நெறிமுறைகளோடு சமுதாய வானொலிகளுக்கும் கிடைக்க வேண்டும். மலைமக்களின் பாடல்களை அவர்களின் குரலிலேயே பதிவுசெய்து ஒலிபரப்பவும், சாலை, மருத்துவம், ரேஷன் குறித்த தகவல்களை அவர்களே கேட்டுச் சொல்லவும் அவை வழிவகுக்கும். இதற்கு ஆகும் செலவு மிகப் பெரிதல்ல.

காலத்தோடு செல்வது நல்லதுதான். காலம் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் மட்டும் நகர்வதில்லை, சித்தேரியிலும் நகர்கிறது. நாள்தோறும் அமெரிக்காவுக்கு ஒதுக்கும் ஒரு மணி நேரத்தில் கால் பங்கை நம் மாவட்டத்துச் செய்திக்கு ஒதுக்கினால்கூட, அடுத்த வாச்சாத்தி 31 ஆண்டுகள் காத்திருக்க நேராது.