நெஞ்சுச் சூட்டில் எடை கூடும்: நிறை குறைந்து பிறந்த பிள்ளையை வீட்டில் பராமரித்தல்

முகாமில் இருந்த காலத்தில் உங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்திருக்கலாம். வீடு திரும்பிய பிறகு பிறக்க இருக்கலாம். பிறந்தபோது அதன் நிறை 2.5 கிலோவுக்குக் குறைவு என்றால் இந்தப் பக்கங்களைக் கவனமாக வாசியுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நம் நாட்டில் நகரங்களையும் கிராமங்களையும் விடத் தோட்டங்களில்தான் நிறை குறைந்த பிள்ளைகள் அதிகமாகப் பிறக்கின்றன. தாயின் இரத்தச்சோகை, கர்ப்ப காலத்தில் போதாத சாப்பாடு, மாதம் நிறையும் முன்னே வரும் பிரசவம் ஆகியவை முக்கிய காரணங்கள். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்த மண்சரிவைப் போன்ற ஓர் அனர்த்தம் வந்து வீட்டை விட்டுப் போக நேர்ந்தால் இந்தக் குறைகள் இன்னும் கூடும். அதற்காகத் தாயைக் குறை சொல்லாதீர்கள்.

சூடு ஏன் முக்கியம்?

சின்னப் பிள்ளையின் தோலுக்குக் கீழே கொழுப்பு குறைவு. அதனால் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த பிள்ளை, குடித்த பாலின் சத்தை உடம்பைச் சூடாக்கவே செலவழிக்கும். வளர மிச்சமிராது. ஹப்புத்தளை, வெலிமடை பக்கத்து இரவுக் குளிரும், தகரக் கூரையும், ஈரச் சீமெந்துத் தரையும் உள்ள இடத்தில் இதை மறக்கக் கூடாது.

கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978இல், குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் சூட்டுப் பெட்டிகள் போதவில்லை. வைத்தியர் எட்கார் ரே, பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சில் அணைத்துக் கட்டி வைக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போன்றது என்பதால் இதற்குக் ‘கங்காரு தாய்ப் பராமரிப்பு’ என்று பெயர். இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் நடந்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. பிறந்தவுடனேயே இப்படி அணைத்து வைத்த மிகச் சிறிய பிள்ளைகளிடையே இறப்பு கால்வாசி குறைந்தது. நாளுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை இதைச் செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எப்படிச் செய்வது?

1. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, நெப்பி மட்டும் போதும்.
2. உங்கள் இரண்டு மார்புகளுக்கும் நடுவே பிள்ளையை நிமிர்த்தி வையுங்கள். தோலோடு தோல் பட வேண்டும். கால்கள் தவளைக் கால் போல் மடிந்திருக்கட்டும்.
3. தலையை ஒரு பக்கம் திருப்பி, நாடியைச் சற்று உயர்த்துங்கள். மூக்கும் வாயும் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.
4. பழைய பருத்திச் சாறியால் பிள்ளையின் காது வரை சுற்றிக் கட்டி, மேலே சட்டையோ கம்பளியோ போடுங்கள். ஒரே காம்பராவில் பலர் இருந்தாலும் வெளியே தெரியாது.
5. படுக்கும்போது தலையணைகளில் பாதி சாய்ந்து இருங்கள்.

நீங்கள் குளிக்க, சாப்பிட, தூங்கப் போகும்போது அப்பாவோ அம்மாயியோ அப்பாயியோ நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். குடித்திருப்பவரும் புகைப்பவரும் பிள்ளையோடு படுக்கக் கூடாது. நிறை 2.5 கிலோவை எட்டும்போது பிள்ளையே நெளிந்து, உதைத்து வெளியே வரப் பார்க்கும். அப்போது மெல்ல நிறுத்தலாம்.

பால்

பிள்ளை தூங்கினாலும் 2 முதல் 3 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுப்பிப் பால் கொடுங்கள். உறிஞ்சப் பலமில்லையென்றால் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் போட்டெடுத்த சின்னக் கோப்பையால் கொடுங்கள். கோப்பையை உதட்டில் தொட வையுங்கள். பிள்ளை தானாக நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றாதீர்கள். போத்தல், சீனித் தண்ணீர், தேன், கோரோசனை எதுவும் வேண்டாம்.

தாயும் சாப்பிட்டால்தான் இது நடக்கும். கிளினிக்கில் தாய்க்குக் கிடைக்கும் திரிபோஷவைத் தாயே சாப்பிடட்டும். எத்தனையாவது பிள்ளையானாலும் தொழிலாளித் தாய்க்கு 84 நாள் பிரசவ லீவு உண்டு. அந்த நாட்களில் தண்ணீர் தூக்குவதையும் விறகு சுமப்பதையும் வீட்டிலுள்ள மற்றவர்கள் செய்யட்டும்.

செய்யக் கூடாதவை

பிள்ளையை அடுப்புக்குப் பக்கத்தில் கிடத்தாதீர்கள். புகை நெஞ்சுக்குக் கூடாது. சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். சுடுதண்ணீர்ப் போத்தல் தோலைச் சுட்டுவிடும். தினமும் குளிப்பாட்ட வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றியெடுங்கள்.

இடம் மாறியவர்களுக்கு

புதிய வீடு வேறு குடும்பநல உத்தியோகத்தரின் பிரிவுக்குள் வரலாம். வந்த முதல் கிழமையிலேயே உங்கள் மிட்வைஃப் மிஸ் யார் என்று கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். பதியாவிட்டால் அவர் உங்கள் வீட்டைத் தேடி வர வழியில்லை. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு மண்ணோடு போயிருந்தால் அதையும் சொல்லிப் புதியது கேளுங்கள். பிறந்த நிறை, ஊசி போட்ட நாட்கள், பிறந்த ஆஸ்பத்திரி என்று ஞாபகமுள்ளதையெல்லாம் சொல்லுங்கள்.

பிறந்த முதல் நாட்களில் நிறை கொஞ்சம் குறைவது வழமை. பிறகு 2 கிலோப் பிள்ளை ஒன்று கிழமைக்குச் சுமார் 200 கிராம் கூட வேண்டும். கூடாவிட்டால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

• பால் குடிக்காமை, எழுப்பியும் எழும்பாமை
• நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளே இழுபடுதல்
• நெஞ்சில் அணைத்தும் வயிறும் காலும் குளிர்ந்திருத்தல், அல்லது காய்ச்சல்
• வலிப்பு
• உள்ளங்கை, உள்ளங்காலில் மஞ்சள் நிறம்

1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வாகனம் மேலே ஏற முடியாத இடமென்றால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். போகும் வழியெல்லாம் பிள்ளை உங்கள் நெஞ்சிலேயே இருக்கட்டும்.